வெதுவெதுப்பு

வினிபெக்கில் ஜனவரி.
காரின் மூக்கிலிருந்து ஒரு கம்பி
சுவரின் மின்செருகிக்குப் போகிறது,
இயந்திரம் உறைந்து சாகாதிருக்க.
கீழ்த்தள அறையில் நாங்கள் மூவர்.
பலகையில் ஹென்யா.

இங்கே வீண்பேச்சு கூடாது.
அவளைக் குப்புறப் போடக் கூடாது.
அவள் உடலுக்கு மேலாக எதையும் கைமாற்றக் கூடாது;
சீப்பு வேண்டுமானால்
கால்மாட்டைச் சுற்றிப் போய்த்தான் கொடுக்க வேண்டும்.
பதினோரு வருடமாக இப்படிச் சுற்றுகிறேன்.

உலகத்தில் இது ஒன்றுதான் கலப்படமில்லாத நன்மை
என்பாள் பெர்ல்.
செத்தவள் திருப்பித் தரமாட்டாள்.
உன் பேத்தி கல்யாணத்துக்கு மொய் எழுதமாட்டாள்,
நீ சளியில் படுத்தால்
சூப்புச் சட்டியோடு கதவைத் தட்டமாட்டாள்.

சரி பெர்ல், மேலே ஒருவர் எழுதிக்கொள்கிறாரே,
என்று போன வாரம் கேட்டேன்.
இவள் தராததை அவர் தருவார், வட்டியோடு.
அப்புறம் எங்கே கலப்படமில்லை?
வேறு கவுண்டரில் பணம் வாங்குகிறாய், அவ்வளவுதானே?

பெர்ல் முறைத்தாள். பதில் இல்லை.
என் பெயர் ஃப்ரூமா. பக்தி உள்ளவள் என்று பொருள்.
பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.
எனக்கு மேலே யாரும் இல்லை, கீழேயும் இல்லை.
கழுவுகிறேன், துடைக்கிறேன், வீட்டுக்குப் போய்
கல் போலத் தூங்குகிறேன்.
அந்தத் தூக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதா என்று
நேற்றுவரை யோசித்ததில்லை.
எனக்குக் கூலி வேண்டாம் என்று நெஞ்சை நிமிர்த்தும்போது
உள்ளே ஊறுகிறதே ஒரு தித்திப்பு,
அதையும்.

ஹென்யா யாரென்று சொல்லவில்லையே.
பெர்லின் கணவனோடு கூட்டாகத் துணிக்கடை வைத்தவள்.
எழுபத்து நான்கில் கடை இவள் பெயருக்கு மாறியது.
எப்படி என்று அந்த மனிதருக்குச் சாகும்வரை விளங்கவில்லை.
நாற்பது வருடம் ஒரே தெரு, ஒரே ஜெபக்கூடம்,
இவள் வந்தால் அவள் எதிர்ச்சாரிக்குப் போவாள்.
ஒரு மன்னிப்பு? இல்லை.

மூன்று வாளித் தண்ணீர்.
முதல் வாளி தீருமுன் அடுத்தது விழவேண்டும்,
தாரை அறக் கூடாது.
வாளிகளை நிரப்பியவள் பெர்ல்.
வெதுவெதுப்பாக இருந்தால் போதும் என்பது வழக்கம்.
கைவிரலை விட்டுப் பார்த்தாலே தெரியும்.

அவள் கையுறையைக் கழற்றினாள்,
சட்டைக்கையைச் சுருட்டினாள்,
முழங்கையை வாளிக்குள் விட்டாள்,
பிறந்து பத்து நாள் ஆன குழந்தைக்குப் பார்ப்பதுபோல.
முகம் சுளித்தாள்.
கொஞ்சம் ஊற்றி வெளியேற்றினாள்,
கொஞ்சம் வெந்நீர் சேர்த்தாள்,
மறுபடி முழங்கை.

செத்த தோலுக்குச் சூடேது, குளிரேது?
எந்தச் சட்டமும் இதைக் கேட்கவில்லை.
மேலே எழுதுகிறவர் இருந்தால்
அவர் பேரேட்டிலும் இதற்கு ஒரு பத்தி இருக்காது.

பிறகு பைகளில்லாத வெள்ளை உடுப்பு.
இடுப்புக் கயிற்றை முடிச்சிடாமல் முறுக்கினோம்.
கடைசியில் பெர்ல்தான் சொன்னாள், முறைப்படி:
மேயிரின் மகள் ஹென்யாவே,
உன் மரியாதைக்குக் குறைவாக ஏதும் செய்திருந்தால்
எங்களைப் பொறுத்துக்கொள்.
குரல் தட்டவில்லை.
நான்தான் சுவரைப் பார்த்தேன்.

காருக்குள் மூச்சு புகையாக வந்தது.
நாளைக்கு மேலுலகத்தை மூடிவிட்டார்கள் என்று வை, என்றேன்,
கூலி கிடையாது, நரகமும் கிடையாது.
செவ்வாய்க்கிழமை இன்னொருத்தியைக் கொண்டுவருகிறார்கள்.
வருவாயா?

நெடுநேரம் யோசித்தாள்.
செவ்வாய் எனக்குப் பல் வைத்தியர், என்றாள்.
புதனென்றால் வருவேன்.

பிறகு, கண்ணாடியின் பனியைச் சுரண்டிக்கொண்டே:
கூலி கூலி என்கிறாயே ஃப்ரூமா,
அங்கே நாற்காலி கிடைத்தால்
பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பாள்,
யோசித்தாயா?

சிரித்தாளா என்று தெரியவில்லை, தாவணி மறைத்தது.
நான் வண்டியை எடுத்தேன்.
கம்பியைப் பிடுங்க மறந்திருந்தோம்.
ஒரு கணம்
கட்டடமும் எங்களோடு வரப் பார்த்தது.