கிலோ கணக்கு

நோங் கியாவில், பாலம் இறங்கியதும்
மூன்றாவது வீடு என்னுடையது.
துவைக்கக் கிலோவுக்குப் பதினையாயிரம் கிப்.
தராசு பொய் சொல்லாது,
ஈரத் துணியைத் தவிர.

அழுக்கில் இரண்டு சாதி.
தானாக வந்தது ஒன்று.
சேர்த்து வைத்தது இன்னொன்று.
முழங்கால் கிழிந்த கால்சட்டைக்குள்
நூல் பிரியாத சின்னப் பட்டை இருக்கும்:
அந்தப் பெயரின் விலைக்கு
என் கொழுந்தன் சொம்சனுக்
படகுக்கு இன்ஜினே மாற்றிவிடுவான்.

செவ்வாய்க்கிழமை வந்தவன் பெயர் யூர்யென்.
துணிக்கு ஆயிரம் கிப் குறைக்கச் சொல்லி
கால்மணி நேரம் நின்றான்.
முதுகுப்பையை மட்டும் துவைக்கத் தரவில்லை.
நான்கு நாட்டுப் புழுதியாம்.
போகட்டும், புழுதிக்கு எடை அதிகம்.

இரவில் விடுதி வாழைமரத்தடியில் ஏலம் நடக்கும்.
தலைகீழ் ஏலம்.
குறைத்துச் சொல்பவருக்கே வெற்றி.
எண்பதாயிரத்துக்கு வந்தேன் என்பாள் ஒருத்தி.
நான் ஐம்பது, கோழிக்கூடைகளோடு.
பதினோரு மாதமாகச் சுற்றுகிறேன் என்று ஒருவன் சொன்னதும்
மூன்று வாரக்காரர்கள்
பீர் பாட்டிலின் லேபிளைச் சுரண்டுவார்கள்.
யூர்யென் அவசரப்படவில்லை.
எல்லையிலிருந்து அரிசிப் படகு, என்றான்.
மூட்டை மேல் படுக்கை. மூன்று நாள்.
காசே வாங்கவில்லை.
மேசையில் பேச்சு மூச்சில்லை.

மறுநாள் அவன் சட்டைப்பையில்
மடித்த அட்டை ஒன்று கையில் இடறியது.
எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும்.
விமானப் படத்துக்கு எழுத்து எதற்கு?
தேதி, திங்கள்.
நனையும் முன்பே எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான்.
கொடியில், இரண்டு காலுறைகளுக்கு நடுவே,
கிளிப் போட்டு மாட்டினேன்.
காகிதமும் காய வேண்டாமா?

காலைச் சாப்பாட்டுக்கு
எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள்.
நல்லவேளை, அவன் முதலில் வந்தான்.
கேட்ட காசைக் கொடுத்தான்.
மீதி வேண்டாம் என்றான்.
ஈரத் துணியையே அள்ளிக்கொண்டு போனான்.

சிரித்துக்கொண்டே திரும்பினால்
வாசலில் என் வாஷிங் மெஷின்.
புத்தாண்டுக்குத் தவணையில் வாங்கியது.
எங்கள் குழாய்த் தண்ணீர் அதற்குள் ஏறாது
என்று வாங்கும்போதே தெரியும்.
பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல்
சாலையைப் பார்த்து வைத்திருக்கிறேன்.
எதிர்வீட்டு புவாவன்
தினமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்
கதவைச் சாத்துகிறாள்.

உறை மேல் படிந்த தூசியை
முந்தானை ஓரத்தால் துடைத்தேன்.
பிறகு வாளியை எடுத்துக்கொண்டு
ஆற்றுக்கு இறங்கினேன்.