தட்டு நிறை

உயர்தரத்தில் அந்தக் கேள்வி எனக்கு வந்தது.
ஏற்றுமதியும் வெளிநாட்டு முதலீடும்
வளர்ந்துவரும் நாடொன்றின் பொருளாதாரத்தை
எவ்வாறு வளர்க்கின்றன, விளக்குக.
இருபது புள்ளி.
ஏழு காரணம் எழுதினேன், படமும் கீறினேன்,
வளைகோடு வலப்பக்கம் நகர்ந்தது.
பொருளியலுக்கு எனக்கு பி.

இப்போது கிராஞ்சியில்
நண்டுக் கொம்பனியின் தராசுக்கு நான் பொறுப்பு.

விடிய நாலரைக்கு ஐஸ் லொறி.
ஐந்துக்குச் சூசைநாயகத்தாரின் படகு,
கோபம் இன்னும் இறங்காத
நீலக்கால் நண்டுகளோடு.
சினை நண்டை ஒதுக்கிவிடுவேன், கொம்பனி வாங்காது.
அவர் அதைக் கடலில் விட்டாரா, வேறெங்கும் விற்றாரா
என்று கேட்பதில்லை.
உள்ளே எழுபது பெண்கள்.
தலைக்கு வலை, காலுக்கு வெள்ளைச் சப்பாத்து,
காப்பில்லை, பூவில்லை, கதை குறைவு.
முழுச் சதை ஜம்போ. உடைந்தது லம்ப்.
காற்சதை கடைசித் தரம்.
ஓடு உடைபடும் சத்தம்
தகரத்தில் மழை தொடங்குவது போலிருக்கும்.
தொடங்கிக்கொண்டே இருக்கும்.

மெற்றில்டா அக்கா இந்தக் காசில்
மலசலகூடம் கட்டினாள், கதவும் போட்டாள்.
செவ்வாய்க்கிழமை வருகிற லோன்காரப் பொடியன்
இப்போது அவள் படலையில் நிற்பதில்லை.
இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.
முதற் காரணம் வேலைவாய்ப்பு. சரி.

இரண்டாவது, அந்நியச் செலாவணி.
டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குத் தாவிய வருசம்
வானொலி எங்களை நாட்டின் நம்பிக்கை என்றது.
நண்டு விலை கொஞ்சம் ஏறியது.
மண்ணெண்ணெய் அதைத் தாண்டிப் போய்
திரும்பியும் பார்க்கவில்லை.
படகுகள் மணலில் மூக்கைக் குத்திக் கிடந்தன.
நாட்டின் நம்பிக்கைகள் எழுபது பேரும்
நண்டில்லாத மேசையைக் கழுவினார்கள்.
கழுவிய நாளுக்கு அரைச் சம்பளம்.

மூன்றாவது, தொழில்நுட்பம் வந்துசேரும்.
வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு மனிதர்,
சதை கிழியாமல் ஓட்டை எங்கே நெரிப்பதென்று காட்ட.
கொன்சி அவருக்கு அதைவிடச் சுகமான இடத்தைக் காட்டினாள்.
மூன்று தரம் செய்யச் சொல்லி
வீடியோ எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு வீதி.
பெரிய றோட்டிலிருந்து கொம்பனி வாசல்வரை காப்பெற்.
அதற்கப்பால் செம்மண்,
அதாவது ஊர்.

மத்தியானம் சோற்றுப் பெட்டி திறந்தால்
பாதிப் பேருக்கு ரின்மீன்.
ரின்னைத் திருப்பிப் பார்த்தேன்,
வேறொரு கடலில் பிடித்து
வேறொரு பெண் அடைத்தது.
எங்கள் நண்டு போன கப்பலும்
இந்த மீன் வந்த கப்பலும்
நடுக்கடலில் ஒன்றுக்கொன்று ஹோர்ன் அடித்திருக்குமா
என்று கொன்சி கேட்டாள்.
புரைக்கேறும்வரை சிரித்தோம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஐந்தாவதா ஆறாவதா நினைவில்லை,
முதலீடு வரும் என்று எழுதியிருந்தேன்.
அதற்குக் கால் உண்டு என்று எவரும் படிப்பிக்கவில்லை.
போன மாதம் இரண்டு பேர் வந்தார்கள்.
ஒரு கிலோவுக்கு எத்தனை நிமிசம் என்று கேட்டார்கள்.
சொன்னேன். எழுதினார்கள்.
வேறொரு கரையில் அது இதைவிட மலிவாம்,
ரைவர் மூலம் தெரியவந்தது.
இந்தக் கிழமை ஓடர் பாதி.
வளைகோடு பக்கவாட்டில் நகரும் என்று படித்தேன்.
நண்டும் அப்படித்தான் நகரும்,
எந்தப் பக்கம் என்று
அது உங்களைக் கேட்காது.

காலையில் என் முதல் வேலை
வெறுந்தட்டைத் தராசில் வைத்து
ஒரு பொத்தானை அமத்துவது.
தட்டு அங்கேயே இருக்கும்.
திரை சைபர் காட்டும்.
அதன் பிறகு வருவதுதான் நிறை,
அதைத்தான் கப்பலுக்கு எழுதுவோம்.

நேற்று மெற்றில்டா அக்கா கேட்டாள்,
பிள்ளை, இந்தத் தட்டு எத்தனை கிராம்?
நாலு வருசம் அமத்தியிருக்கிறேன்.
தெரியவில்லை.
நாளைக்கு, அமத்த முதல்,
பார்க்கப் போகிறேன்.