ஒரு மணி குறைகிறது

உள்ளே போகும்போது யாரும் கேட்பதில்லை.
வெளியே வரும்போதுதான்
காவலாள் முதிசியா குனிந்து
என் காலணியின் அடிப்பள்ளங்களைத்
தீக்குச்சியால் நோண்டுவான்.
கால்சட்டை மடிப்பை உதறச் சொல்வான்.
கூந்தலை அவிழ்க்கச் சொல்ல மட்டும்
இன்னும் கூச்சம் அவனுக்கு.

இரண்டு வேலி, நடுவில் வெறும் தரை.
சுற்றி நானூறு மீட்டருக்கு
யாரும் மக்காச்சோளம் போடக் கூடாது.
என் நிலம்
நானூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் தொடங்குகிறது.

மாக்குவேனியில் அந்த வருடம்
மழை, கடன்பட்டவனைப் போல
தலையைக் காட்டிவிட்டு ஒளிந்துகொண்டது.
பிறகு படைப்புழு.
குருத்துக்குள் இறங்கி
ஈர மரத்தூளாய் எச்சம் தள்ளிக்கொண்டே தின்றது.
சாம்பல் தூவினோம். மணல் தூவினோம்.
என் மகன் முமோ
குருத்து குருத்தாய்ப் பிரித்து விரலால் நசுக்கினான்.
நாற்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

வேலிக்குள்ளே,
மண்ணில் கிடக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிரிடம்
ஒரு வரி கடன் வாங்கி
விதைக்குள் எழுதியிருந்தார்கள்.
அதே புழு, அதே பசியோடுதான் வாய் வைத்தது.
ஊசி குத்திய அளவுக்குத் துளை;
மறுநாள் கருத்துச் சுருண்டு
நூல் துண்டாய்க் கிடந்தது.
டாக்டர் நசிமியு மண்டியிட்டு
இடுக்கியால் அதை எடுத்துக் குப்பியிலிட்டு
தேதி எழுதினார். முகத்தில் ஒன்றுமில்லை.
"பக்கத்து வரிசையில் எத்தனை?" என்றார்.

ஆண்பூ விரியுமுன் உறை மாட்டுவது என் வேலை.
மகரந்தம் காற்றேறிவிடக் கூடாது.
எண்ணூற்று நாற்பது செடி,
எண்ணூற்று நாற்பது காகித உறை.
முக்காடிட்டு நின்றது வயல்.

அறுவடையில்
முழங்கை நீளக் கதிர்கள், ஒரு பல் விழாத சிரிப்பு.
எடை போட்டோம், எண்ணினோம், படம் எடுத்தோம்.
பிறகு ஆய்வாளர் கிப்கெம்போய் முன்னிலையில்
குழியில் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினோம்.
இது உணவு அல்ல என்றது
அனுமதிக் கடிதத்தின் ஏழாம் பத்தி.

மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை பரவாயில்லை.
அதன் பிறகு எழுந்தது வாசம்.
சுட்ட சோளம் எந்தப் பத்தியையும் படித்ததில்லை.
சாலையில் போன மினிபஸ் வேகம் குறைத்தது.
பள்ளி விட்டு வந்த பிள்ளைகள்
வெளிவேலிக் கம்பியில் முகம் பதித்து நின்றார்கள்.
முமோவும்.
முதிசியா வானொலியைச் சத்தமாக வைத்தான்,
பாட்டு வாசத்தை மூடிவிடும் என்பது போல.
நான் கம்பால் கிளறிக்கொண்டிருந்தேன்.
அரைகுறையாய் வெந்தால் அதற்கும் ஒரு படிவம் உண்டு.

அன்று சாயங்காலம் துணி துவைக்கையில்
இடுப்புப் பட்டியின் தையலுக்குள்
ஏதோ கடினமாய் இடறியது.
மஞ்சள். முழுசு. ஒரே ஒரு மணி.

நடலாம் என்று தோன்றவில்லை என்றால் பொய்.
தின்னலாம் என்றும் தோன்றியது.
வீட்டில் மூன்று பேர்; ஒரு மணியை எப்படிப் பங்கு வைப்பது?
வாளி விளிம்பில் வைத்துவிட்டு
பொதிந்து வைக்கக் காகிதம் தேடிப் போனேன்.
திரும்புவதற்குள்
கோழி முடிவெடுத்திருந்தது.

காலையில் பதிவேட்டில் எழுதினேன்:
குறைவது: ஒன்று.
இருக்குமிடம்: சிவப்புக் கோழி.

நசிமியு படித்தார். இன்னொரு முறை படித்தார்.
நான்கு பருவத்தில் முதல்முறையாகச் சிரித்தார்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு
யாருக்கோ தொலைபேசினார்.
பதினோரு மணிக்கு வண்டி வந்தது.
எழுநூறு ஷில்லிங், கையொப்பம், கூண்டு.
அதே குழி.
இந்த முறை பிள்ளைகள் வரவில்லை,
நாய்கள் வந்தன.

எழுநூறு ஷில்லிங்குக்கு
இரண்டு கிலோ சாதாரண விதை கிடைத்தது.
முதல் தூறலில்
நானூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் ஊன்றத் தொடங்கினோம்.

"அம்மா, இதைப் புழு தின்னுமா?"

"தின்னும்."

முமோ கொஞ்ச நேரம் வேலிப்பக்கம் பார்த்தான்.
பிறகு அடுத்த குழிக்கு
விதையை நீட்டினான்.