ஏழாவது வரி

கெளுத்தி முள் குத்திய கால்
முழங்கால்வரை கறுத்தபின்தான் கொண்டுவந்தார்கள் தேசிங்கை.
காசிமேடு. வயது ஐம்பத்திரண்டு.
மேல் பிரஷர் அறுபது. கீழே கேட்கவில்லை.
கையில் ஒரு நரம்பும் எழும்பவில்லை,
தண்ணி லாரி வராத நாளின் குடங்கள்போல்
வெறுமனே கிடந்தன இரண்டு கைகளும்.
கழுத்தில்தான் போடணும் என்றேன்.

படிவத்தின் ஏழாவது வரி:
'சிக்கல்கள் ஏற்படக்கூடும் என்பதை அறிவேன்.'
படித்துக் காட்டினேன்.
மைப்பெட்டிமேல் பெருவிரலை நிறுத்திக் கேட்டாள் எல்லம்மா:
"சிக்கல்னா
பிரிக்கிற சிக்கலா, டாக்டரு,
அறுக்கிற சிக்கலா?"
கரையில் வலை சிக்கெடுக்கிற கூலி அவளுக்கு.
நான் இரண்டாம் வருஷ மயக்கவியல் மாணவி.
"ரொம்ப அபூர்வமாத்தான் வரும்" என்றேன்,
அவள் கேட்காத கேள்விக்கு.

ஸ்கேன் மெஷின் பிரசவ வார்டுக்குப் போயிருந்தது.
இரண்டு தசைகள் பிரிகிற முக்கோணம்.
இடது விரலடியில் துடிப்பது தமனி.
அதற்கு வெளிப்பக்கம், தொட்டால் தெரியாமல்,
படுத்திருக்கிறது சிரை.
எங்கள் கொடுங்கையூர்த் தெருவைத் தோண்டினால்
குடிதண்ணீரும் சாக்கடையும்
இப்படித்தான் ஒட்டி ஓடும்.

ஊசி இறங்கியது.
நான் இழுக்காமலே
பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியது ரத்தம்,
ஒருமுறை.
இன்னொருமுறை.
மூச்சு குறைந்த உடம்பில் தமனியும் கறுப்பாகத்தான் வரும்,
நிறத்தை நம்பாதே என்று படித்திருந்தேன்.
நம்பவும் ஆசையாக இருந்தது.
கம்பியை எடுக்கக் கை நீண்டேவிட்டது.

ஜூலியட் சிஸ்டர் இருமினாள்.
அவ்வளவுதான். ஒரே ஒரு இருமல்.

ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினேன்,
கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம்.
வெளியே துறைமுகத்துக்கு வரிசைகட்டிய
கண்டெய்னர் லாரிகள்
நகராமலே உறுமிக்கொண்டிருந்தன.

அடுத்தது காரை எலும்பின் கீழே.
சிரை கிடைத்தது. கம்பி வழுக்கிப் போனது.
மூன்று தையல். மருந்து ஓடி
பிரஷர் தொண்ணூறைத் தொட்டது.
பெருமையாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

நான்கு மணி எக்ஸ்ரேயில்
வலது நெஞ்சின் ஓரம் முழுக்க வெறும் கறுப்பு.
நுரையீரல் நடுவில் சுருண்டு கிடந்தது.

விலா இடுக்கில் ஒரு குழாய்,
கட்டிலடியில் தண்ணீர் பாட்டில்.
அவர் மூச்சுவிட மூச்சுவிடக் குமிழிகள்.

"இது இன்னாத்துக்கு?" எல்லம்மா.

'நுரையீரலில் காற்றுக்கசிவு ஏற்பட்டுள்ளது.'
படியிறங்கும்போதே தயாரித்த வாக்கியம்.
யாருமே இல்லாத வாக்கியம்.
அதை விழுங்கிவிட்டு
"என் ஊசி பட்டுடுச்சும்மா" என்றேன்.

பாட்டிலையே பார்த்தாள்.
"பட்டுடுச்சா,
நீ குத்திட்டியா?"

"குத்திட்டேன்."

திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணி
கேட்டு வாசலுக்குப் போய்
ஒரே ஒரு டீ வாங்கி
நின்றபடியே குடித்தாள்.

நான்காம் நாள் குமிழி நின்றது.
தேசிங்கு கண்ணைத் திறந்து
எந்தப் போட்டு கரைக்கு வந்தது என்று கேட்டார்.
ஆறாம் நாள் உடம்பு தூக்கிப்போட்டது.
தையல் போட்ட இடம் சிவந்து, தொட்டால் சுட்டது.

லைனை உருவினேன்.
நுனியில் இரண்டு விரற்கடை
பிளேடால் வெட்டி
ஆய்வுக்கூடக் குப்பியில் போட்டேன்.
நிமிர்ந்தபோது
கதவுக் கண்ணாடிக்கு அப்புறம் எல்லம்மா
என் கையிலிருந்த பிளேடைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தலையை மெல்ல ஆட்டினாள்,
இது எந்தச் சிக்கல் என்று
அவளுக்குத் தெரிந்துவிட்டதுபோல.

குப்பியின் லேபிளில் பெயர், படுக்கை, தேதி.
'லைன் போட்டவர்' என்கிற கட்டத்தை
யாரும் நிரப்புவதில்லை.
பேனா இரண்டுமுறை எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து
மறுபடி வைத்தேன்.

ரிப்போர்ட் வியாழக்கிழமை.