கசிவு

ஜனவரியில் மழை பெய்தது.
அதில்தான் எல்லாம் தொடங்கியது.
காரஷோக்குக்கு வடக்கே, பீடபூமியில் விழுந்த நீர்
இரவோடு இரவாக இறுகிக்
கற்பாசிக்கு மேல் கண்ணாடி மூடியாயிற்று.
குளம்பால் தோண்டித் தோண்டிக்
கணுவில் ரத்தம் கண்ட துருவமான்களை
அஸ்லத் வேலிக்குள் ஓட்டி வந்தான்.
மூட்டை மூட்டையாகத் தீவனம்.
ஒரே தொட்டியில் நூறு வாய்.
ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு
நோய் நடந்து போகப்
பாதை போட்டுக் கொடுத்தாயிற்று.

நான் கருவி பிடிப்பவள் அல்ல.
கருவியின் பாட்டரிகளைக் கமுக்கட்டில் வைத்திருப்பவள்.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரியில்
அவை பதினோரு நிமிடத்தில் செத்துவிடும்.
வெம்மையைத் தேடும் யந்திரத்துக்கு
முதலில் யாராவது வெம்மை தரவேண்டியிருக்கிறது.
மருத்துவர் தூர்ஹில்ட் கை நீட்டுவாள்.
சட்டைக்குள் துழாவி எடுத்துக் கொடுப்பேன்,
அடைக்கோழிக்கு அடியிலிருந்து முட்டை திருடுவதுபோல.

திரையில் முதலில் எதுவுமே இல்லை.
பனி கருநீலம்.
பனிமேல் நின்ற மந்தையும் கருநீலம்.
"ஓடிவிட்டனவா?" என்றேன்.
"சுகமாக இருக்கின்றன" என்றாள்.
உள்ளே காற்றடைத்த மயிர்,
ஒரு சொட்டுச் சூட்டையும் ஊருக்குக் கொடுக்காத தோல்.
நல்ல உடம்பு இங்கே இருட்டாக இருக்கும்.
கண்கள் மட்டும்
இரண்டிரண்டு மஞ்சள் புள்ளிகளாய்
அசைபோட்டபடி அந்தரத்தில் மிதந்தன.

திரையின் வலது மூலையில் ஓர் எண்.
கருவி, கேட்காமலே தலை எண்ணுகிறது.
எத்தனை மான் உன்னிடம் என்று ஒருவனைக் கேட்பது
வங்கிப் புத்தகத்தை விரிக்கச் சொல்வது.
அஸ்லத்தின் தங்கை சுன்னா
ஒட்டுப்பட்டையைப் பல்லால் கிழித்து
அந்த மூலையை மூடினாள்.
யாரும் எதுவும் பேசவில்லை.
நான் பார்த்துவிட்டேன்.
சொல்ல மாட்டேன்.

ஒடுங்கிய வழியில் ஒவ்வொன்றாய் விட்டோம்.
ஒரு குட்டி, பின்னங்குளம்புக்கு மேல் வெள்ளை.
வெள்ளை என்றால் கொதிப்பு.
நொண்டவில்லை.
நொண்டினால் ஓநாய்க்குச் சேதி போகும் என்று
அதன் ரத்தத்துக்குத் தெரியும்.
ஒரு சினைமான், இடது கண் இரண்டு டிகிரி கூட.
நீலச் சாயம் தெளித்து ஒதுக்கினோம்.

கடைசியில் மணிக்காரன்.
காயடித்த கிழட்டு ஆண், கழுத்தில் வெண்கல மணி,
மந்தை நடப்பது அதன் பின்னால்தான்.
நேரே பார்த்தால் கண் சுனைநீர்.
திரையில் இடது குழி
அடுப்பு.

"உன் கருவிக்குத்தான் ஜன்னி" என்றான் அஸ்லத்.
பாட்டரி மாற்றி மறுபடி எடுத்தாள்.
அடுப்பு.
அவன் கையுறையைக் கழற்றி
அதன் நெற்றியில் உள்ளங்கை வைத்தான்.
"கணகணவென்று இல்லையே."
அந்த மயிர்
அவனிடமும் வாய்திறக்காது.

தனிப்பட்டிக்கு இழுத்துப் போனான்.
மணி போன திசைக்கு
மந்தை முழுக்கத் திரும்பியது.
வேலி வளைந்தது, ஒரு கம்பம் முனகியது.
நோயைப் பிரிக்க வந்தவர்கள்
மணியை மறந்துவிட்டோம்.
சுன்னா ஓடிப்போய் அதைக் கழற்றி
வேறொன்றின் கழுத்தில் கட்டினாள்.
அது தன் சத்தத்துக்கே மிரண்டு நின்றது.
மந்தை அதைப் பார்த்தது,
நம்பவில்லை,
பசித்ததால் தொட்டிக்குத் திரும்பியது.

அணைக்க மறந்த கருவி
தூர்ஹில்ட்டின் கையில் எங்கள் பக்கம் சாய்ந்தது.
தீப்பிடித்த மூன்று பேர்.
கழுத்தில், வாயில், கண்ணில்
ஓட்டைப் பானைபோல் ஒழுகும் வெள்ளை.
மான் கணக்கில்
இந்தப் பட்டியின் நோயாளிகள் நாங்கள்தான்.
அஸ்லத்தின் மூக்கு நுனி மட்டும் இருட்டு.
"உறைகிறது. உள்ளே போ, இப்போதே" என்றாள்.
"இருட்டென்றால் சுகம் என்றாயே."

போகவில்லை.
மணியில்லாத கிழவனின் தலையைக் கக்கத்தில் இடுக்கி
இமையை விரலால் பிரித்துப் பிடித்தான்.
அவள் மருந்தைச் சொட்டினாள்.

செத்த பாட்டரியை வாங்கிக்
கமுக்கட்டில் வைத்தேன்.
சுட்டது.