எதிரே வருபவர் கை

முதல் வாரம் முழுக்க
எல்லாருக்கும் கையசைத்தேன்.

நாற்பதாம் எண் சாலை.
அதில் இன்னும் தார் காணாத பகுதி.
முதலில் புழுதி தெரியும்,
பிறகு அதை இழுத்துக்கொண்டு ஒரு லாரி.
மணிக்கு ஒன்று வந்தால் அதிகம்.
நெருங்கும்போது ஓட்டுகிறவர்
ஐந்து விரலையும் விரித்து
முன்கண்ணாடியில் பதித்துக் காட்டுவார்.
ஒவ்வொருவரும். ஒருவர் தவறாமல்.

ரொசாரியோவில் மூன்று வருடம்
ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியும்
தலையாட்டாதவர்களோடு இருந்தவள் நான்.
'இந்தத் தெற்கத்தி மனிதர்கள் தங்கம்'
என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஆட்டுப் பண்ணைக்குத் தடுப்பூசி கொண்டுபோன அன்று
எதிரே கம்பளி மூட்டை ஏற்றிய லாரி.
அவர் கை பதித்தார்.
நான் உயர்த்தினேன்.
அந்த வணக்கத்துக்குள்ளிருந்து வந்தது கல்.

சத்தம்தான் பெரிது.
கொத்தமல்லி விதை அளவு ஒரு பள்ளம்,
அதைச் சுற்றி நண்டுக்கால்போல் நான்கு கீறல்.
மடியில் ஒரு துகள் விழவில்லை.
கண்ணடிக்குக் கல்லடி மேல் என்பார்கள்;
கண்ணாடியைக் கேட்டுச் சொன்னதில்லை அது.

அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.
அப்புறம் என்பது மூன்று இரவு.

நான்காம் விடியலில் அழைப்பு:
பெண்குதிரை, ஈனமுடியாமல் கிடக்கிறது.
வண்டிமேல் விரல்தடிமன் உறைபனி.
சுரண்டப் பொறுமையில்லை.
மாத்தேவுக்குக் கொதித்திருந்த கெண்டியை
அப்படியே கவிழ்த்தேன்.

டிக்.

விதையிலிருந்து புறப்பட்டது கோடு.
அவசரப்படவில்லை.
என் கண்ணெதிரே இடமிருந்து வலமாக
ஆறு வரைகிற பிள்ளைபோல்
வளைந்து வளைந்து போய்
ஓரத்து ரப்பரில் நின்றது.

(குட்டி பிழைத்தது. நெற்றியில் வெள்ளை.)

"விதையாகக் கொண்டுவந்திருந்தால்
அரைமணி நேர வேலை," என்றாள் நெலிடா ஒயார்சூன்.
"துளிப் பிசின், ஊதா விளக்கு, போய்க்கொண்டே இருக்கலாம்.
செடியாக்கிக் கொண்டுவந்திருக்கிறாய்."

கழற்றிய கண்ணாடியின் விளிம்பை
வெளிச்சத்தில் திருப்பினாள்.
"பார், ஒன்றில்லை, இரண்டு.
நடுவில் வெங்காயத் தோல்போல் ஒரு தாள்.
வெளியே இருப்பது உடைந்துவிட்டது.
உள்ளே இருப்பதற்குச் சேதியே போகவில்லை.
இரண்டையும் விடாமல் பிடித்திருக்கிறதே அந்தத் தாள்,
எங்கள் வீட்டில் அது நான்.
பக்கத்துக் கண்ணாடி வேறு சாதி.
அடிபட்டால் கற்கண்டாகக் கொட்டிவிடும்."

கேட்டே விட்டேன்:
வணக்கமும் சொல்லிக் கல்லும் எறிவானேன்?

வாயிலிருந்த மாத்தே மூக்கில் ஏறியது அவளுக்கு.
"வணக்கமா?
கண்ணாடி அதிராமல் அழுத்திப் பிடிக்கிறார்கள், பெண்ணே!
உன் டயர் எறியும் கல்லுக்குப் பயந்து."

என் டயர்.

நாற்பது பேர் இருப்பார்கள் அந்த வாரத்தில்.
நாற்பது பேரும்
என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.
நான் சிரித்துச் சிரித்துக் கையசைத்து,
வேகத்தைக் குறைக்காமலே போயிருக்கிறேன்.

"பலிக்குமா அது?"

"யார் கண்டது. முப்பதுக்கு இறங்கு.
ஓரம் ஒதுங்கு.
முன்னே போகிறவன் புழுதிக்குள் மூக்கை நுழைக்காதே.
கையும் வேண்டுமானால் வை.
காசா, பணமா."

பசை இறுகும்வரை கதவை அறையக் கூடாது,
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தே வைக்க வேண்டும்.
பச்சை உடம்புக்காரியிடம் சொல்வதுபோல்
இரண்டு முறை சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் குவனாக்கோக் கூட்டம் வேலி தாண்டும் இடத்தில்
புழுதி எழுந்தது.
இறங்கினேன் முப்பதுக்கு.
ஒதுங்கினேன்.
புதுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன்.
ஐஸ்.
எதிரே அவரும் வைத்தார்.
இருவருக்கும் நடுவில் அரைச் சாலை,
நான்கு கண்ணாடி, இரண்டு தாள்,
பறக்கலாமா என்று யோசிக்கும் கற்கள்.

சடசடவென்று அடிவயிற்றில் மட்டும் பட்டது வண்டிக்கு.

கையை எடுத்த இடத்தில்
ஐந்து விரல் ஈரம்
இரண்டு கிலோமீட்டர் என்னோடு வந்தது.

அக்காவுக்கு அனுப்பிய செய்தியை
இன்னும் திருத்தவில்லை.