ஒட்டுக்கேட்டது

டர்பன் நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடம்
'நான்' என்று சொல்லிச் சம்பாதித்தவள் நான்.
நான்தான் திருடினேன். நான்தான் குத்தினேன்.
அன்றிரவு நான் அங்கே இல்லவே இல்லை.
ஜூலுவில் கேட்டு ஆங்கிலத்தில் இறக்கும்போது
'அவர் சொல்கிறார்' என்று விலகி நிற்கக் கூடாது,
மொழிபெயர்ப்பாளருக்கு அதுதான் முதல் விதி.
எத்தனை கொலைகளை என் வாய் ஒப்புக்கொண்டது!
சாயங்காலம் சாட்ஸ்வொர்த் பேருந்தில்
மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு
குற்றமில்லாமல் வீடு திரும்புவேன்.

பிறகு அந்தக் காய்ச்சல்.
பதினெட்டு நாள் தொண்டைக்குள் குழாய்.
உயிரை உள்ளே விட்டுவிட்டு
வெளியே வரும்போது
குரலை உரித்துக்கொண்டு போனது.

மிஞ்சியது காற்று.
கெரிஷா என்று மகளைக் கூப்பிட்டால்
'ஷா' மட்டும் அடுப்படி வரை போகும்.
விடியலில் கூரைமேல் கத்தும் ஹடீடாப் பறவையைக் காட்டி
"அம்மா, உன் குரல் அதுகிட்ட இருக்கு" என்றாள்.
சிரித்தேன். சிரிப்பும் கேட்கவில்லை.
அலுவலகத்தில் என்னைக் கோப்பறைக்கு மாற்றினார்கள்.

டாக்டர் ஸோண்டி திரையில் காட்டினார்:
இரண்டு வெள்ளை மடிப்புகள்,
விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தில்
அலை எழ வேண்டிய இடத்தில்
கஞ்சி போட்ட துணியின் விறைப்பு.
"தழும்புக்குத் துடிக்கத் தெரியாது.
அடியில் சின்னதாய்ப் பை வெட்டி
உங்கள் உடம்பிலிருந்தே ஒரு சவ்வைச் செருகலாம்.
பழைய குரல் வராது. ஏதோ ஒன்று வரும்.
வராமலும் போகலாம்."

எங்கிருந்து எடுப்பீர்கள், எழுதிக் காட்டினேன்.
காதுக்கு மேலே, முடிக்குள்ளே,
தன் தலையிலேயே தொட்டுக் காட்டினார்.

மெல்லும்போது அசையுமே, அந்த இடம்.
ஐம்பத்து மூன்று வருடம்
காதுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்து
எல்லார் வாக்குமூலத்தையும் ஒட்டுக்கேட்ட சவ்வு.
அதைத்தான் ஒட்டப் போகிறார்கள்.

இரண்டு வாரம் வாய் திறக்கக் கூடாது.
தும்மலுக்குப் பயந்து மிளகாய்த்தூள் டப்பாவை
கெரிஷா எங்கோ ஒளித்து வைத்தாள்,
இன்னும் கிடைக்கவில்லை.
பதினைந்தாம் நாள் வந்தது 'ம்'.
சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் படித்தது சரிதான்:
மெய்யெழுத்து தனியாக நிற்கும்.
உயிர் ஏற
ஏழு மாதம் ஆனது.

மார்ச்சில் மறுபடி பதினொன்றாம் அறை.
கூண்டில் ஒரு பெண், கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப்.
நெரித்தவன் எதிரே கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தான்.
அன்று என்ன செய்தீர்கள் என்று வழக்கறிஞர் கேட்க,
மணல் சரிகிற மாதிரி அவள் சொன்னாள்:
ங்கதூலா.
நான் சொன்னேன்:
நான் பேசாமல் இருந்தேன்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.
"இந்தக் கரகரப்பு
சாட்சியுடையதா, உங்களுடையதா?"

இதற்கு விதி இருக்கிறதா, தெரியவில்லை.
ஆனால் அறையில் பேசுவது எதுவானாலும்
சாட்சிக்குச் சொல்லியாக வேண்டும், அது விதி.
ஜூலுவில் சொன்னேன்.
அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
ஸ்கார்ஃபைத் தளர்த்திவிட்டு
ஒரே சொல்லில் பதில் சொன்னாள்.

அதை நான் மொழிபெயர்த்தேன்:
என்னுடையது.